மேரி மியூசியஸ் ஹிகின்ஸ்: ஓலைக் கூரையின் கீழ் ஒரு தொடக்கம்

கொழும்பு மியூசியஸ் கல்லூரியின் பெயரை நம்மிற் பலர் அறிவோம். அப்பெயருக்குரிய பெண்மணியின் வரலாறு, பெண்கள் பாடசாலையொன்றில் படித்த எவருக்கும் அந்நியமானதன்று.

மேரி மியூசியஸ் 1855இல் ஜேர்மனியின் விஸ்மார் நகரிற் பிறந்தார். அமெரிக்கா சென்று, அன்ரன் ஹிகின்ஸ் என்பவரை மணந்து, சில ஆண்டுகளிலேயே கணவரை இழந்தார். பிரம்மஞான சங்கத்தின் வழியாகப் பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டார். கொழும்பிலிருந்த சங்கமித்தை பெண்கள் பாடசாலையைப் பொறுப்பேற்கக் கப்பலேறி வந்தார். அதை நடத்திய சங்கத்தினருடன் கருத்து முரண்பாடு எழவே, பீற்றர் டி அப்றூவின் துணையுடன் வேறொரு பாடசாலையைத் தொடங்கினார். அது மண் சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட ஒரு குடிசை. கல்லாலான கட்டடம் பின்னர்தான் எழுந்தது.

அக்காலத்தில் பெண் கல்விக்கு ஆதரவளித்தோரின் நோக்கம் பெரிதன்று. படித்த ஆண்களுக்கு ஏற்ற மனைவியரையும் நல்ல பௌத்தத் தாய்மாரையும் உருவாக்குவதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. இதனைக் குமாரி ஜயவர்தன தமது ஆய்வில் எடுத்துக் காட்டியுள்ளார். ஆனால் திறந்த கதவு அந்த அளவோடு நிற்கவில்லை. 1908இல் மேரி அம்மையார் ஆசிரியைகளுக்கான பயிற்சிக் கலாசாலையையும் ஆரம்பித்தார். படிக்க வந்த பெண், படிப்பிக்கவும் சொந்தமாகச் சம்பளம் பெறவும் வழி பிறந்தது.

அவர் எழுதவும் செய்தார். இங்கிலாந்து மன்னர்களின் வரலாற்றை மனனஞ் செய்த பிள்ளைகளுக்காக இலங்கை வரலாற்றுக் கதைகளையும் ஜாதகக் கதைகளையும் ஆங்கிலத்தில் நூல்களாக்கினார். பாடசாலைக்குக் கட்டடம் மட்டும் போதாது, தம் மண்ணைச் சொல்லும் புத்தகமும் வேண்டும் என்பதை உணர்ந்து செயற்பட்டவர் அவர். 1926இல் காலமானார்.

ஏறக்குறைய அதே காலத்தில் நமது சமூகத்திலும் அறிஞர் சித்திலெப்பை கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை கண்டார். 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையையும் நடத்தினார். கல்வியும் எழுத்தும் அவரிடத்திலும் சேர்ந்தே நடந்தன. பின்னாளில் பாலமுனைக்கு அயலிலுள்ள அட்டாளைச்சேனையிலும் ஆசிரியர் கலாசாலை தோன்றியது.

சகோதரிகளே, நாம் கற்றோம். நம்மிற் பலர் கற்பித்தோம். ஆனால் நம் கரையோரக் கிராமங்களில் முதன்முதலாகப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிய உம்மாமாரின் கதையையும், அவர்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியைகளின் கதையையும் இன்னும் போதிய அளவு எழுதவில்லை. கடல்கடந்து வந்த ஒருவர் அயல்நாட்டுப் பிள்ளைகளுக்காக எழுதினார். நம் பிள்ளைகளுக்காக எழுத வேண்டியவர்கள் நாமே. நினைவுள்ளவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.