காஞ்சியில் பெற்ற கண்: சுந்தரரின் ஏகம்பப் பதிகமும் குற்றவுணர்வு வாசிப்பும்

உன்னைப் பிரியேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சூளை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததும் சுந்தரர் இரு கண்ணும் இழந்தார். காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண்ணையும் திருவாரூரில் வலக்கண்ணையும் பெற்றார். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் இவ்வரலாற்றை உளவியல் நோக்கில் அணுகுவோர் ஒரே தடத்தில் நடப்பதுண்டு. வாக்குத் தவறிய குற்றவுணர்வு பார்வையை முடக்கிற்று. காஞ்சியில் நெஞ்சம் உருகியதும் பார்வை மீண்டது. மனம் காரணம், உடல் விளைவு. கேட்க இசைவாகத்தான் இருக்கிறது. ஆனால் இவ்விளக்கத்தைத் தாங்கவேண்டிய மூலம் ஏழாம் திருமுறையின் 61ஆம் பதிகம். அது தாங்கவில்லை.

அப்பதிகத்தின் பத்துப் பாடல்களும் ஏகம்பத்து இறைவனாகிய கம்பனைக் காணத் தமக்குக் கண் கிடைத்தவாற்றை வியந்து முடிகின்றன. கண் போனது ஏன் என்ற பேச்சே இல்லை. சங்கிலியார் இல்லை, சூள் இல்லை, தம் பிழைபற்றி ஒரு சொல் இல்லை. பெற்றது இடக்கண் என்றுகூட இல்லை. அது நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த சேக்கிழார் தரும் செய்தி. பாடல்களில் திரும்பத் திரும்ப வருபவள் வழிபடும் உமை. பத்தாம் பாடலில் இறைவன் வெள்ளத்தைக் காட்டி அவளை வெருட்டுகிறான். அவள் அஞ்சி ஓடித் தழுவியபின் வெளிப்படுகிறான். அவனைக் கள்ளன் என்கிறார் சுந்தரர். துன்பத்தை வரவழைத்தவனே அதைத் தீர்க்கவும் செய்தான் என்னும் குறை இங்கே செல்லமாக ஒளிந்திருக்கிறது என்பது என் வாசிப்பு, வற்புறுத்தமாட்டேன். ஆனால் இது குற்றம் செய்தவன் குரல் அன்று என்பதை வற்புறுத்துவேன்.

‘கண் பெற்றவாறு’ என்பது கண்ட பேற்றைச் சொல்லும் அணிமொழி, நோயோடு தொடர்பற்றது என்று மறுக்கலாம். திருவாரூர்ப் பதிகத்தில் (95) சுந்தரர் மற்றைக் கண்ணைக் கேட்கிறார். எனவே ஒரு கண் அதற்குமுன் கிடைத்துவிட்டது. அதைக் காஞ்சியோடு இணைக்க இப்பதிகத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அணிமொழியே என்று வைத்துக்கொண்டாலும் இழப்பு குற்றவுணர்வு வாசிப்புக்குத்தான்: காஞ்சிச் சான்று முழுதுமே அதன் கையைவிட்டுப் போகும். மௌனத்தைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பாரும் இருப்பர். சுந்தரர் வாய்மூடி இருப்பவர் அல்லர். இதே காஞ்சியில் ஓணகாந்தன்தளியில் பொருள் வேண்டி, கங்கை வாய்திறவாள், பிள்ளைகளாலும் பயனில்லை என்று இறைவன் குடும்பத்தையே ஏசியவர்.

பிழையை ஒப்புக்கொள்ளும் பாடல் இல்லாமல் இல்லை. திருவெண்பாக்கப் பதிகத்தில் (89), பொறுப்பான் என்று நம்பித் தாம் பிழைத்ததைச் சொல்கிறார்; தம் கண்ணைப் படலம் மறைத்ததையும் முறையிடுகிறார். மாற்றுத் தரப்பின் வலுவான சான்று இதுவே. அங்கே கிடைத்தது என்ன? ஓர் ஊன்றுகோல். ஆரூரிலோ தாம் குற்றம் ஒன்றும் செய்யவில்லை, பழி உம்முடையதே என்று வழக்காடுகிறார், வலக்கண் கிடைக்கிறது. ஒப்புதலுக்குக் கோலும் மறுப்புக்குக் கண்ணும் வந்த வரலாற்றைக் குற்றம் கரைந்து நலம் பெற்ற கதையாகப் படிப்பது எப்படி? தலவரிசை சேக்கிழாருடையது, பதிகங்களுக்குக் காலக்குறிப்பு இல்லை என்பதை மறக்கவில்லை. வரிசையை மாற்றினாலும் இந்த முரண் நீங்காது.

இன்றைய உடல்நல உளவியலில், மனமே நோயைச் செய்தது என்ற பழைய சூத்திரத்துக்கு அத்தனை செல்வாக்கு இல்லை. 1977இல் ஜார்ஜ் எங்கல் உடல், உளம், சமூகம் மூன்றையும் சேர்த்தே நோயைப் பார்க்கவேண்டும் என்றார். ஹோவர்ட் லெவெந்தாலும் உடன் ஆய்ந்தோரும், நோயாளி தன் நோய்க்குத் தானே வைத்திருக்கும் விளக்கத்தை ஆராய்ந்தனர்: அது என்ன, எதனால் வந்தது, எவ்வளவு நாள் இருக்கும், என்ன செய்யும், தீருமா. அவ்விளக்கம் மாறும்போது நோயாளி நடந்துகொள்ளும் விதமும் மாறுகிறது. சுந்தரர் பதிகங்கள் இக்கேள்விகளுக்குத் தாராளமாக விடை தருகின்றன. ‘எதனால்’ என்பதற்கு வெண்பாக்கத்தில் ஒரு விடை, ஆரூரில் அதற்கு நேரெதிர் விடை, காஞ்சியில் அக்கேள்வியே இல்லை. சமூகமும் இருக்கிறது: ஒற்றியூர்ப் பதிகத்தில் (54) வீட்டுப் பெண்கள் தம்மைக் குருடன் என்று விரட்டுவதைத் தாங்கமுடியவில்லை என்கிறார். கண்மருத்துவர் அளக்கும் பார்வைக் குறைவில் இந்த வலி வராது.

கண் ஏன் போயிற்று என்று இப்பாடல்களைக் கொண்டு சொல்லமுடியாது. சொல்ல முயல்வது நோயாளிமேல் இன்னொரு பழியை ஏற்றுவதாகவே முடியும். ‘எல்லாம் உன் மனசில்தான்’ என்று கேட்டு வீடு திரும்பியவர்களுக்கு இது புதிதல்ல. கண்நோய் தீர ஏகம்பப் பதிகத்தை இன்றும் ஓதுகிறார்கள். ஓதுகிறவர் கையில் இருப்பது குற்றப்பத்திரிகை அன்று, கண் கிடைத்த வியப்பு.

இன்னொன்று எஞ்சுகிறது. காஞ்சிக்கும் ஆரூருக்கும் இடையில் திருத்துருத்தியில் தம் உடலை வருத்திய பிணி நீங்கியதைச் சுந்தரர் பாடுகிறார் (74). வடகுளத்தில் மூழ்கியதும் அது தீர்ந்ததாகச் சேக்கிழார் கூறுகிறார். கண்ணைப்பற்றி விரிவாகப் பேசும் உளவியல் வாசிப்பு இந்த இரண்டாம் நோயைத் தொடுவதில்லை. குற்றம் ஏகம்பத்திலேயே கரைந்துவிட்டதென்றால், துருத்திவரை அவர் மேனியில் ஒட்டிவந்த பிணிக்கு எந்தக் குற்றத்தைத் தேடப்போகிறோம்?