ரிப்பன் பூ

நாடாவை இரண்டு வளையங்களும் இரண்டு வால்களுமாக, ஒரு முனையை இழுத்தால் அவிழும்படி முடிந்து செய்யும் அலங்காரம். உடை, கூந்தல், பரிசுப் பொதி என மூன்றிலும் உலகெங்கும் வழங்குகிறது. தமிழ்நாட்டில் இதன் முதன்மையான இடம் பள்ளி மாணவியரின் இரட்டைச் சடை. ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் முன்வைத்து அதன் வரலாறு இங்கே தொகுக்கப்படுகிறது.

தலையில் கட்டும் அணியும் கையில் வாங்கும் பரிசும் ஒன்றாகவே இருந்ததைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. ஜவ்வாது மலையின் தெற்கே உள்ள செங்கம், மலைபடுகடாத்தின் பாட்டுடைத் தலைவனான நன்னனின் ஊர். அவனுடைய நவிர மலை இன்றைய பருவதமலையே என்பது பெரும்பாலோர் கருத்து. கூத்தர் கூட்டத் தலைவன் தாமரை சூடுவதையும் விறலியர் அணிகலன் பூணுவதையும் அந்நூலின் இறுதிப் பகுதி பேசுகிறது. அத்தாமரை பொன்னால் செய்தது. இப்படிப்பட்ட பொற்பூவை வெள்ளி நாரில் கட்டித் தருவதைப் புறநானூறும் குறிக்கிறது. பெண்களின் கூந்தலை ‘ஐம்பால்’ என்பது அக்கால வழக்கு. குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்னும் ஐந்து ஒப்பனைகள் என உரைகாரர்கள் விளக்குவர். ஐந்து பகுதியாக வகுத்தது எனப் பொருள் கொள்வாரும் உளர்.

செங்கம் வட்டாரத்தின் பல்லவர் கால நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாக்கியது. அவற்றில் வீரர்கள் முடிந்த கொண்டையும் இறுகக் கட்டிய இடைக்கச்சுமாக நிற்கிறார்கள். பல்லவர், முற்காலச் சோழர் படிமங்களில் இடைக்கச்சு இருபக்கமும் வளையமாக முடியப்பட்டு முனைகள் தொங்குவது, ரிப்பன் பூவுக்கு மிக நெருங்கிய பழந்தமிழ் வடிவம் எனலாம். ஒரு படிமத்தின் காலத்தைக் கணிக்க இம்முடிச்சின் அமைப்பும் உதவுகிறது. ஆனால் அதை மட்டும் கொண்டு முடிவு செய்வது சரியா என்பதில் கலை வரலாற்றறிஞரிடையே வேறுபாடு உண்டு. கூந்தல் அணிகளான சடைநாகம், ராக்கொடி, குஞ்சலம் ஆகியவை பிற்கால வளர்ச்சி.

ஐரோப்பாவில் பட்டு நாடா 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆண், பெண் இருபாலரின் உடையிலும் இடம் பெற்றது. 1680 அளவில் வேட்டையின்போது கூந்தல் கலைந்த ஃபோந்தாஞ்சு சீமாட்டி அதை நாடாவால் கட்டினார் என்றும், மன்னர் பதினான்காம் லூயி மெச்சியதால் அது நாகரிகமாயிற்று என்றும் ஒரு கதை உண்டு. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. நாடா நெசவில் பிரான்சின் செந்த் எத்தியேனும் இங்கிலாந்தின் கோவென்ட்ரியும் பெயர் பெற்றவை. 1860-இன் வணிக உடன்படிக்கைக்குப் பின் பிரெஞ்சுப் பட்டு தீர்வையின்றி வந்து இறங்கவே கோவென்ட்ரி நெசவாளர் பிழைப்பிழந்தனர். தமிழகத்துக்கு இந்த நாடா துறைமுக வணிகத்தோடும் மிஷன் பள்ளிகளோடும் வந்தது எனக் கருத இடமுண்டு. ஜவ்வாது மலைக்கு வடக்கே வேலூர், ஆற்காடு பகுதியில் 1853-இல் அமைக்கப்பட்ட அமெரிக்க ஆற்காடு மிஷன் பெண்கள் பள்ளிகளையும் நடத்தியது.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியே ரிப்பன் பூவின் பொற்காலம். சீருடையோடு சேர்ந்து இரட்டைச் சடை தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பொது அடையாளமாயிற்று. அதைக் கட்டுவது ஒரு கைவேலை. நெற்றியிலிருந்து பிடரிவரை நேர் வகிடு எடுத்து, தேங்காய் எண்ணெய் வைத்து வாரி, பக்கத்துக்கு ஒன்றாக மூன்று புரியில் பின்னுவார்கள். பாதி பின்னியதும் நாடாவை நடுவில் மடித்து வைத்து, அதன் இரு பகுதிகளையும் புரிகளோடு சேர்த்து நுனிவரை பின்னி முடிச்சிடுவார்கள். பிறகு சடையை மேலே மடித்து, காதுக்குப் பின்னால் அதன் அடியோடு சேர்த்துச் சுற்றி, பூவாக முடிவார்கள். இரண்டு பக்கத்துப் பூவும் ஒரே அளவில் நின்றால்தான் கட்டியவருக்கு மனம் ஆறும். மடித்துக் கட்டச் சொல்வதற்குத் தூய்மையும் பேன் பரவாமையும் காரணம் என ஆசிரியர்கள் கூறுவர். எல்லோரும் ஒன்றுபோல் தோன்ற வேண்டும் என்பதே உண்மையான நோக்கம் எனக் கருதுவோரும் உண்டு.

வெட்டிய நாடாவின் முனை பிரியும். நைலான் நாடா பரவியபின் அதற்கு வீடுகளில் கண்ட வழி, முனையைத் தீக்குச்சிச் சுடரில் ஒரு நொடி காட்டுவது. இழைகள் உருகி ஒட்டிக்கொள்ளும், ஓரம் மணிபோல் கெட்டியாகும். துவைத்த நாடாவை ஈரத்தோடு ஜன்னல் கம்பியில் இறுக்கிச் சுற்றி வைத்தால், காய்ந்ததும் இஸ்திரி போட்டதுபோல் சுருக்கமின்றி வரும். நாடாவின் நிறம் பள்ளிக்குப் பள்ளி மாறும்.

ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினரின் குழந்தைகள் பலர் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கின்றனர். அரசு தரும் பொருள்களில் சீருடையும், மலைப்பகுதிக்கென்று கம்பளிச் சட்டையும் உண்டு. ரிப்பன் வீட்டுச் செலவு. ஜமுனாமரத்தூர்க் கடைகளிலோ, மலையிறங்கி ஆலங்காயம், போளூர், செங்கம் பக்கத்திலோ வளையல், பொட்டு, ஹேர்பின்னோடு அதையும் வாங்குவார்கள். விடுதிகளில் காலை மணி அடிப்பதற்குள் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளை முன்னால் உட்கார்த்திச் சடை பின்னிவிடுவது வழக்கம். வீட்டில் அம்மாவும் அக்காவும் செய்யும் இந்த வேலை இங்கே ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குக் கைமாறி வருகிறது. சீருடையின் வரலாற்றை எழுதுவோர் இதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

இவ்வளவு பரவியும் ரிப்பன் பூ தமிழர் சடங்குகளுக்குள் நுழையவில்லை. தாலிக்கு மூன்று முடிச்சு. பல சமூகங்களில் அவற்றை இறுக்கி முடிப்பதில் நாத்தனாருக்கும் பங்குண்டு. திருவிழாவிலும் திருமணத்திலும் கட்டும் காப்பை அவிழ்ப்பதற்கும் தனிச் சடங்கு வேண்டும். இழுத்தால் அவிழும் முடிச்சுக்கு அங்கே இடமில்லை. ஜப்பானியரின் மிசுஹிகி என்னும் பரிசுக் கயிற்றிலும் இதே பகுப்பு உண்டு. குழந்தைப் பிறப்பு போல மீண்டும் வரவேண்டிய நன்மைக்கு அவிழ்த்துக் கட்டத்தக்க பட்டாம்பூச்சி முடிச்சையும், திருமணத்துக்கு அவிழாத முடிச்சையும் இடுகின்றனர். நாள்தோறும் அவிழ்த்துக் கட்டவேண்டிய சடையில் ரிப்பன் பூ நிலைத்ததற்கு, இழுத்தால் அவிழும் இந்த எளிமையே காரணம் என்று கொள்ளலாம்.

பரிசுப் பொதியில் நாடா கட்டுவது இங்கே பிந்திய வழக்கம். சீர்வரிசை மூடாத தட்டில் பழம், வெற்றிலை பாக்கோடு எல்லோர் கண்ணிலும் படும்படி வருவது. மொய்ப்பணம் கவரில் வைத்துத் தருவது. கடிகாரமும் பாத்திரமும் பளபளக்கும் தாளில் சுற்றப்பட்டு மண்டபத்துக்கு வந்தபோதுதான் நாடாவும் உடன் வந்தது. கத்தரிக்கோலின் மழுங்கிய பக்கத்தை நாடாவின் மேல் அழுத்தி இழுத்துச் சுருள வைக்கும் வித்தையைப் பரிசுக் கடைக்காரர்கள் கைவரப் பெற்றனர்.

அண்மைக்காலத்தில் எலாஸ்டிக்கில் தைத்த ஆயத்தப் பூக்களும், பின்புறம் பசையிட்ட ஒட்டுப் பூக்களும் கடைகளுக்கு வந்துள்ளன. 2020-களில் பெரிய சாட்டின் பூக்கள் வளர்ந்த பெண்களின் கூந்தலிலும் மேல்நாட்டு நாகரிகமாக மீண்டும் தலைகாட்டின. தமிழகப் பள்ளிகள் சிலவற்றில் ஒற்றைச் சடையும் ரப்பர் பேண்டும் போதும் என்றாகிவிட்டது.