பசியின் கணக்கு – 4: ஒரு பவுண்டு

1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிளின் மனதில் ஒரு பழைய வடு இருந்தது. 1874 பிகார் பஞ்சத்தில் பர்மா அரிசியைத் தாராளமாக வரவழைத்துச் சாவைப் பெருமளவு தடுத்தவர் அவர். அதற்குக் கிடைத்ததோ ஊதாரிப் பட்டம். இப்போது வைஸ்ராய் லிட்டன் அவரை இங்கே அனுப்பியதே செலவைக் குறைக்கத்தான்.

தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆளுக்கு என்ன கூலி? டெம்பிள் ஓர் எண்ணைப் பிடித்தார். ஒரு பவுண்டு தானியத்தின் விலை, மேற்கொண்டு கொஞ்சம் சில்லறை. இன்றைய அளவில் அந்தத் தானியம் அரைக் கிலோகூட இல்லை. சோதித்துப் பார்க்கலாம் என்றுதான் தொடங்கினார். சோதனைக்கு உள்ளான வயிறு அவருடையதல்லவே!

எதிர்த்து நின்றவர் மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் கார்னிஷ். இந்த மாகாணத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று முன்பே ஆராய்ந்து எழுதியவர். உழைக்கிற உடம்புக்கு ஒன்றரை பவுண்டாவது வேண்டும், வெறும் தானியம் ஆகாது, பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்று மல்லுக்கு நின்றார்.

இதற்கிடையே வேலைத்தலங்களில் ஆள் எண்ணிக்கை லட்சக்கணக்கில் இறங்கியது. சிக்கனத் தரப்புக்கு அது வெற்றியின் அடையாளம்: தேவையில்லாத கூட்டம் கழிந்தது. ஆனால் அதே எண்ணுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. கூடை தூக்கத் தெம்பில்லாதவன் பெயரும் பட்டியலிலிருந்து போய்விடும். எது உண்மை? பட்டியல் பேசவில்லை.

கடைசியில் ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் சென்னை அரசு இறங்கி வந்தது. தானியம் ஒன்றேகால் பவுண்டு, கூடவே கொஞ்சம் பருப்பு. கார்னிஷுக்குப் பாதி வெற்றி.

ஆனால் அதற்குள் எத்தனை உயிர்? கிராமத்துச் சாவுக் கணக்கை எழுத வேண்டியவர்களே பல ஊர்களில் பசியில் கிடந்தார்கள். சாலையோரத்தில் விழுந்தவன் எந்த ஊர்க் கணக்கில் வருவான்? செத்தவரை எண்ண முடியாவிட்டால், மிச்சமிருப்பவரை எண்ணலாம். பஞ்சத்துக்கு முன் எத்தனை பேர் என்ற கணக்கு இருந்தால் போதும்.

இருந்தது. 1871-ல் மாகாணம் முழுவதும் தலை எண்ணி, அந்த அறிக்கையை எழுதிய அதிகாரியின் பெயர்: டபிள்யூ. ஆர். கார்னிஷ்.

(தொடரும்)