இரசனையும் இறுமாப்பும்

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் குறிகட்டுவானில் படகேறிச் செல்லும் மக்கள், நாதசுவரத்தைச் சீட்டு வாங்கிக் கேட்பதில்லை. வீதி மணலில் அமர்ந்து கேட்கிறார்கள். இவர்களுக்கு இரசனை ஏது என்று கேட்போர் நம்மிடையே உளர். இந்த இறுமாப்பு எங்கிருந்து வந்தது?

1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையையொட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் பயனாக 1928இல் சங்கீத வித்வத் சபை தோன்றியது. அரண்மனையிலும் ஜமீன் மாளிகையிலும் அடைபட்டிருந்த இசையைச் சபாக்கள் பொது மண்டபத்துக்குக் கொணர்ந்தன. அது முன்னேற்றமே. ஆயினும் சீட்டு வாங்க வசதியுள்ளோரே அங்கு இரசிகராயினர். எவர் பாடினும் 'அந்தக் காலம் போல் இல்லை' என உதட்டைப் பிதுக்குவது அறிவின் அடையாளமாயிற்று. பொருள் விளங்காத சில கீர்த்தனங்களையே திரும்பத் திரும்பப் பாடும் வழக்கத்தைப் பாரதி முன்னரே கண்டித்திருந்தார். 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. மொழியைப் பொருட்படுத்தினால் இசையின் தரம் தாழும் என்று வித்வத் சபை அஞ்சியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. தமிழுக்கு மேடை கிடைத்தது. மேடைக்கு முன்னிருந்த நாற்காலி வரிசையோ மாறவில்லை.

அந்த நாற்காலி கடல் கடந்து நம்மிடமும் வந்தது. ஊர்காவற்றுறையை அடுத்த மெலிஞ்சிமுனை போன்ற கரையோர ஊர்களில் விடிய விடிய ஆடப்பட்ட கத்தோலிக்க நாட்டுக்கூத்தைக் கற்றோர் பலர் பாமரர் ஆட்டமென ஒதுக்கினர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு புதுக்கி, 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என மேடையேற்றிய பின்னரே அவர்களுட் பலர் கூத்தைக் கலையென ஏற்றனர். கூத்து அன்று பிறந்ததன்று. அதற்குப் பட்டதாரியின் சான்றிதழ் கிடைத்தது, அவ்வளவே.

இதனால் கோயில் மணலை மட்டும் போற்றிவிட முடியுமா? முடியாது. யாழ்ப்பாணத்துக் கோயில்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் மதிலுக்கு வெளியே நின்றே நாதசுவரம் கேட்டனர். உள்ளே செல்வதற்காக 1968இல் மாவிட்டபுரத்தில் அவர்கள் போராட நேர்ந்தது. சென்னையில் பணம் செய்த வேலையை இங்கே சாதி செய்தது.

தந்தை கூத்து அண்ணாவியார் என்று சொல்லக் கூசிய மாணவன் ஒருவனை நாம் வகுப்பில் கண்டோம். 'நல்ல இசை' என்று நாம் பாடம் சொன்னபோதெல்லாம் அவன் வீட்டுப் பாட்டு அதில் இடம்பெறவில்லை. அக்கூச்சத்தைக் கற்பித்தவர்களுள் நாமும் ஒருவர். இராகத்தின் நுட்பத்தை அறிவது நன்று. அவ்வறிவைப் பிறரை விலக்கும் வேலியாக்குவது நன்றன்று. அவ்வேலியைப் பிடுங்கும் பணி வகுப்பறையிலேயே தொடங்கட்டும்.