யாழ்ப்பாணக் கோட்டை

யாழ்ப்பாண நகரின் தெற்கு விளிம்பில், கடனீரேரிக் கரையில், தீவுகளுக்குச் செல்லும் பண்ணைப் பாலத்தை அடுத்து நிற்கும் ஐங்கோணக் கோட்டை. இந்நிலப்பகுதியை ஆண்ட ஐரோப்பியர் மூவரின் கையிலும் இருந்தது. எனினும் இன்று அது பெரிதும் பேசப்படுவது ஈழப்போர்க் கால முற்றுகைகளால்தான்.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இங்கே சதுரக் கோட்டை எழுப்பினர். நல்லூரில் இடிக்கப்பட்ட கோயில்களின் கற்கள் அதற்குப் பயன்பட்டன என்பது நெடுநாள் வழக்கு. கோட்டையில் கிடைத்த முதலாம் இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டுத் துண்டு, பழைய கட்டடங்களின் கற்கள் இங்கு வந்து சேர்ந்ததைக் காட்டுகிறது. அவை எக்கோயிலுக்கு உரியவை என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

1658இல் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த முற்றுகைக்குப்பின் ஒல்லாந்தர் கோட்டையைப் பெற்றனர். 1680 முதல் அதை ஐங்கோணமாக மாற்றிக் கட்டினர். இப்பகுதியில் எளிதில் கிடைக்கும் முருகைக்கல்லே மதில்களின் முதன்மைப் பொருள். உள்ளே 1706இல் சிலுவை வடிவத் தேவாலயம் எழுந்தது. அங்கிருந்த 1648ஆம் ஆண்டு பொறித்த மணியோ போர்த்துக்கேயருடையது. ஆலயத்தைவிட அரை நூற்றாண்டு மூத்தது. வெளி அரண் வேலைகள் 1792இல்தான் முடிந்தன. மூன்றே ஆண்டுகளில், 1795இல், கோட்டை சண்டையின்றி ஆங்கிலேயரிடம் போனது. அவர்கள் காலத்தில் அது சிறைச்சாலையும் அரசு விடுதியுமாக இருந்தது.

1980களில் மதில்கள் மீண்டும் போர் அரணாயின. 1985 முதல் இலங்கைப் படையினர் பெரும்பாலும் கோட்டை முகாமுக்குள்ளேயே முடங்க, சுற்றுப்புறத்தைத் தமிழ்ப் போராளிகள் காவல் காத்தனர். உள்ளிருந்து எறிகணைகள் நகருக்குள் விழுந்தன. அருகிலிருந்த தெருக்கள் வெறிச்சோடின. 1987 சூன் 3 அன்று இராமேசுவரத்திலிருந்து யாழ்ப்பாண மக்களுக்கான நிவாரணப் பொருள்களுடன் சென்ற இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. சூலையில் இந்திய-இலங்கை உடன்பாடு கையெழுத்தானது. அதன்படி வந்திறங்கிய இந்திய அமைதிப்படைக்கு, அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் மூண்ட போரில் கோட்டையும் ஒரு தளமாயிற்று.

அமைதிப்படை 1990 மார்ச்சில் வெளியேறியது. சூனில் இலங்கைப் படைக்கும் புலிகளுக்கும் போர் மீண்டும் மூண்டபோது, ஏறத்தாழ 200 படையினரும் காவலரும் கோட்டைக்குள் சிக்கினர். எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. தரைவழி அடைபட்டதால் உணவும் மருந்தும் வானிலிருந்தே வந்தன. நகரின் மீது விமானக் குண்டுவீச்சும் தொடர்ந்தது.  செப்டம்பர் நடுவில் மண்டைதீவிலிருந்து கடனீரேரியைக் கடந்து படையினர் உள்ளே சேர்ந்தனர். ஆயினும் 26ஆம் நாள் கோட்டை கைவிடப்பட்டது. முற்றுகை 107 நாள் என்பர். தொடக்க நாளைப் பொறுத்து இக்கணக்கு வேறுபடும்.

பிறகு புலிகள் மதிலின் சில பகுதிகளை இடித்தனர். தேவாலயத்தை அழித்தது குண்டுவீச்சா, முற்றுகையா, பிந்தைய இடிப்பா என்பதில் தரப்புக்கொரு கூற்று உண்டு. 1995 இறுதியில் இராணுவம் நகரைக் கைப்பற்றியது. போர் முடிந்தபின் நெதர்லாந்தின் உதவியோடு மதில்கள் சீரமைக்கப்பட்டன. பேராசிரியர் ப. புஷ்பரத்தினம் உள்ளிட்டோரின் அகழாய்வுகள் ஐரோப்பியருக்கு மிக முந்திய குடியிருப்புத் தடயங்களைக் கண்டுள்ளன. தேவாலயம் இடிபாடாகவே உள்ளது.