தோளில் தழும்பு

மலாயாவுக்குக் கப்பலேறும் முன்பே நாகப்பட்டினம் டிப்போவில் என் பாட்டிக்கு அம்மை குத்திவிட்டார்கள். அங்கே ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயத்து வாசலில் உட்கார்ந்து அவர் தோளைக் காட்டுவார்: காசளவு வட்டம், நடுவில் குழி. பெரியம்மைக்கு உறவான கிருமியை உயிரோடு குத்துவதால் அந்த இடம் கொப்பளித்து, சீழ் வைத்து, பொருக்கு உதிர மூன்று வாரமாகும். காய்ச்சலும் வரும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய அதே பெண்கள்தான் கையையும் நீட்டினார்கள். அதில் எனக்குப் பெருமை.

1961இல் மலாயாவில் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, பிறந்த குழந்தைக்குப் பிசிஜி வந்தது. 1972இல் போலியோ சொட்டு.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் போட்டது ரணஜன்னி ஊசி. லயத்திலேயே பிரசவம், கையில் கிடைத்த கத்தியால் தொப்புள்கொடி அறுப்பு என்றிருந்த காலத்தில் தாய்க்குப் போட்ட ஊசி பிள்ளையையும் காத்தது. அதில் உயிருள்ள கிருமி இல்லை, வீரியம் நீக்கிய நஞ்சு மட்டுமே; அதனால் கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானது. ருபெல்லா ஊசி உயிருள்ள கிருமி என்பதால் கர்ப்பத்தில் போடமாட்டார்கள். பிள்ளை பெறும் வயதுக்கு முன்பே, பள்ளிப் பருவத்தில் போட்டார்கள்.

2010 முதல் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் எச்பிவி ஊசி. அந்தப் புற்றில் போன பால்வெட்டுப் பெண்களை நினைத்தால், இது இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.