யாத்திரைச் சாலையும் சேரியும்: சித்தூர் வட்டாரத்தில் கிறிஸ்தவ நம்பிக்கை வேர்விட்ட வரலாறு

1843-இல் கிழக்கிந்தியக் கம்பெனி திருமலைக் கோயிலின் நிர்வாகத்தை ஹாதிராம்ஜி மடத்தின் தலைவரான மகந்திடம் ஒப்படைத்தது. அதுவரை கோயில் வருமானத்தில் ஒரு பகுதி கம்பெனிக் கஜானாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கிறிஸ்தவ அரசு ஒன்று காணிக்கைப் பணத்தில் பங்கு பெறலாமா என்று இங்கிலாந்தில் மிஷனரி ஆதரவாளர்கள் எழுப்பிய எதிர்ப்பு இந்த விலகலுக்கு முக்கியக் காரணம். அடுத்த பத்தாண்டுகளில், 1853-இல், அதே வட ஆற்காட்டு மாவட்டத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் உருவாயிற்று. அப்போது மாவட்டத் தலைநகராக இருந்த சித்தூர் அதன் முதல் நிலையங்களுள் ஒன்று. சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல்தான்.

மிஷன் வரலாறுகள் பெரும்பாலும் நிலையம், பள்ளி, ஆஸ்பத்திரி என்ற வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன. இக்கட்டுரையின் கேள்வி வேறு. போதகர்கள் யாருடைய உள்ளத்து வெறுமையை மனத்தில் வைத்துப் பிரசங்கித்தார்கள்? உண்மையில் வந்து சேர்ந்தவர்கள் யார்? இவ்விரண்டுக்கும் இடையே இருந்த தூரமே இங்குள்ள திருச்சபைக்கு உருவம் கொடுத்தது என்பது என் முடிவு.

மிஷனைத் தொடங்கிய ஸ்கடர் சகோதரர்களுள் மூத்தவரான ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1822-இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பிறந்தவர். தமிழ் அவருக்குப் பிள்ளைப் பருவத்திலிருந்தே பழக்கம். சந்தையிலும் தெருமுனையிலும் பேசுவோருக்காக 1860-களில் அவர் தமிழில் ஒரு கையேடு எழுதினார். விக்கிரக வழிபாடு, சாதி, குரு, பாவநிவர்த்தி ஆகியவற்றைப் பற்றிய வாதங்கள் அதில் உண்டு. தெலுங்குப் பக்கம் இதே வேலையைச் செய்தவர் ஜேக்கப் சேம்பர்லின். பலமநேரில் ஊழியம் தொடங்கி, 1863-இல் மதனப்பள்ளியில் நிலையம் அமைத்த மருத்துவர் இவர். புறச்சடங்கால் மனம் தூய்மையாகாது என்னும் கருத்துக்கு தெலுங்குக் கவி வேமனாவையே சாட்சிக்கு அழைத்தார். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் திருப்பதிக்கும் போயும் அமைதி கிடைக்காத யாத்திரிகர் அக்கால மிஷன் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறார்.

இவ்வெழுத்துகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் நன்கொடை கொடுத்த சபையாருக்காக எழுதப்பட்டது. அதை மறந்து இவற்றைப் படிக்கக் கூடாது. ஆனாலும் அந்த யாத்திரிகரை வெறும் கற்பனை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நட்ட கல்லைச் சுற்றுவதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி சித்தர் சிவவாக்கியரின் மரபில் முன்பே உண்டு. தாகம் இந்த மண்ணுடையது; அதைச் சொல்ல வார்த்தையும் இங்கேயே இருந்தது. வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-இல் ஞானஸ்நானம் பெற்று, 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காவியத்தை வெளியிட்டார். கம்பனில் ஊறிய நாவிலேயே புதிய விசுவாசத்தையும் பாட முடிந்தது. ஆனால் அவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். அவரைப் போன்றவர்கள் எங்கும் சொற்பமே. திருப்பதிச் சாலையில் நின்று பிரசங்கத்தைக் கேட்ட பக்தர்களில் மிகப் பெரும்பாலோர் கேட்டுவிட்டு மலையேறப் போய்விட்டார்கள்.

வந்தவர்கள் வேறு சனங்கள். தமிழ்ப் பக்கத்தில் பறையர், தெலுங்குப் பக்கத்தில் மாலர், மாதிகர். தனித்தனி ஆளாக அல்ல, குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டித் தென்னிந்தியா எங்கும் இந்த வரவு பெருகியது. வயிற்றுக்காக வந்தவர்கள் என்று அவர்களை அன்றும் ஏசினார்கள், இன்றும் ஏசுகிறார்கள். பசித்தவனுக்கு ஆன்மா இல்லை என்று நினைப்பவர்களின் பேச்சு அது.

யாத்திரிகருக்காக எழுதிய பிரசங்கம் இவர்களுக்குப் பொருந்தவே இல்லை. திருத்தலங்களுக்குப் போயும் அமைதி காணாதவர்கள் அல்ல இவர்கள், போகவே விடப்படாதவர்கள். சென்னை மாகாணத்தில் கோயில்களை எல்லாருக்கும் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். மறுபுறம், இவர்கள் உள்ளம் வெறும் பாத்திரமாகவும் இருக்கவில்லை. கிராம தேவதைகளான கங்கம்மாவும் எல்லம்மாவும் மாத்தம்மாவும் அங்கே குடியிருந்தார்கள். குறைவு வேறிடத்தில் இருந்தது: ஊருக்குள் மனிதனாக நடக்க இடமில்லை.

சபையில் சேர மிஷன் விதித்த ஒழுங்குகளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். விக்கிரகத்தையும் சாதியையும் விட வேண்டும், செத்த மாட்டின் இறைச்சியைத் தொடக் கூடாது, ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டும். ஓய்வுநாள் மேலுக்குப் பக்தி விதிதான். ஆனால் பண்ணையாளாக இருந்தவன் ஞாயிற்றுக்கிழமை களத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னது அவன் வம்சத்தில் அதுவே முதல் தடவை. திருவிழாவுக்கு மேளம் அடிக்க மாட்டேன் என்பதும் அப்படித்தான். கூலி போனது, அடி விழுந்தது, கிணறு மறுக்கப்பட்டது. அத்தனைக்கும் பிறகு சேரியின் நடுவில் கூரை வேய்ந்த ஜெபவீடு ஒன்று எழுந்தது; வாரநாளில் பிள்ளைகள் அதிலேயே எழுத்துப் படித்தார்கள். சித்தூரில் மிஷன் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் படித்த சேரிப் பெண், வேதத்தைத் தானே வாசித்தாள். ஆன்மிக நிறைவு என்று நூல்கள் சொல்வது இவர்களுக்கு இப்படித்தான் வந்தது. ஜெபத்தையும் தன்மானத்தையும் தனித்தனியே பிரித்து ஆராய்வது ஆய்வாளரின் வசதிக்கு உதவலாம். வாழ்ந்தவர்களுக்கு அவை இரண்டல்ல.

இவ்வட்டாரத்தில் இருந்தது ஆற்காடு மிஷன் மட்டுமல்ல. திருப்பதிப் பக்கத்துச் சபை, ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் 1865 முதல் தெலுங்கு நாட்டில் செய்த வேலையின் தொடர்ச்சி. முதல் உலகப் போரில் அது தடைப்பட, அமெரிக்க லுத்தரன்கள் ஏற்று நடத்தினார்கள். 1945-இல் உருவான தென் ஆந்திர லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் இன்றும் திருப்பதியிலேயே இருக்கிறது.

வெறுமைக்கு இன்னொரு முகமும் இருந்தது. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில், பல மிஷன்கள் சேர்ந்து அமைத்த காசநோய்ச் சானடோரியம் 1915-இல் திறந்தது. முதல் தலைவர் டேனிஷ் மருத்துவர் ஃப்ரிமோட்-மோல்லர். காசத்தை முறிக்கும் மருந்து வராத காலம் அது. ஓய்வும் நல்ல காற்றும் உணவுமே சிகிச்சை. நோயாளிகள் மாதக்கணக்கில் படுத்தே கிடந்தார்கள். குடும்பம் அஞ்சி விலகிய நோய் அது. அங்கே வெறுமை என்பது பாவபாரமோ சாதியிழிவோ அல்ல. சுற்றம் கைவிட்ட தனிமை.

யாத்திரிகரின் கேள்வி திரும்பவும் எழுந்தது 1920-களில். 1921-இல் ஜேசுதாசனும் பேட்டனும் என்ற இரு மருத்துவர்கள் வட ஆற்காட்டுத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். திராவிடக் கோயில் பாணியில் ஜெபாலயம் கட்டினார்கள். இறையியலாளர் ஏ.ஜே. அப்பாசாமி கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கினார். உயர்ந்த முயற்சிகள்தாம். ஆனால் கோயில் கோபுரம் என்றாலே வெளியே நிறுத்தப்பட்ட நினைவுள்ள சனத்துக்கு அந்த வடிவம் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்று பின்னாளில் தலித் இறையியலாளர்கள் கேட்டது நியாயமே.

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமைகளிலிருந்து கிறிஸ்தவர்களை விலக்கியது. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் அது திருத்தப்பட்டது, கிறிஸ்தவருக்கு இல்லை. ஆந்திராவில் மதம் மாறிய பட்டியல் சாதியாருக்கு பி.சி.–சி பிரிவில் 1 சதவீத இடஒதுக்கீடு மட்டுமே இருக்கிறது. ஆகவே சர்ச்சில் ஒரு பெயர், சான்றிதழில் இன்னொரு பெயர் என்று வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களது விசுவாசம் அரைகுறை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய கொள்ளுப்பாட்டன் ஞாயிற்றுக்கிழமை களத்துக்குப் போகாமல் இருந்ததற்குக் கொடுத்த விலையை அவர்கள் இன்னும் தவணை தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.